ஒன்பதே கால் இன்ச்

அந்த வாளி பத்தாது சார். போன்லயே சொன்னேன்ல, பெரிசா ஏதாவது கொண்டாங்கன்னு? தங்க மீன்னதும் விரல் நீளம் இருக்கும்னு நெனச்சுட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நானும் அப்படி நெனச்சவன்தான். சரி, வந்தது வந்துட்டீங்க, உள்ள வாங்க. வாளிய வாசல் ஓரமா வைங்க. லால்குடியில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இத வாளியில வெச்சுக்கிட்டு திரும்பிப் பஸ்ஸுல ஏறினீங்கன்னா கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிப்பான்.

அந்தச் சேர்ல வேண்டாம், தண்ணி தெறிக்கும். இங்க உக்காருங்க. மணி என்ன ஆகுது? அஞ்சே முக்காலா? சரி, ஏழு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். அதுக்குள்ள முடிச்சுருவோம்.

பாத்தீங்களா? ஒன்பதே கால் இன்ச். உத்தேசமா சொல்லல சார், கண்ணாடி மேல ஸ்கேல் வெச்சு அளந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்ல முப்பத்தாறு வருஷம் ஃபிட்டரா இருந்தவன் நான், உத்தேசம்ங்கற பேச்சே என்கிட்ட கிடையாது. வாங்கினப்ப ரெண்டு இன்ச். ஒண்ணரை வருஷத்துல ஏழே கால் இன்ச் வளந்துருக்கு. என் பொண்ணு பிறந்து ஒண்ணரை வருஷத்துல அவ்வளவு வளந்தாளான்னு எனக்கு ஞாபகம் இல்ல.

நீங்க பள்ளிக்கூடத்துல தொட்டி கட்டி வெச்சிருக்கீங்க, பிள்ளைங்க பாத்து சந்தோசப்படும்னு சொன்னீங்க. நல்லது. கொண்டு போங்க. என்னால முடியல. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணி மாத்தணும். தின்னுட்டே இருக்கும், தின்ன தின்ன கழிஞ்சுட்டே இருக்கும். நான் எந்திரிச்சா எந்திரிக்கும், நான் சமையக்கட்டுக்குப் போனா அந்த மூலைக்கு வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும். இப்பக் கூடப் பாருங்க, உங்களையா பாக்குது? என்னையத்தான் பாக்குது. சனியன்.

இல்ல சார், ஆசைப்பட்டு வாங்கினது இல்ல. அது ஒரு தேவைக்கு வாங்கினது. சொன்னா சிரிப்பீங்க.

எனக்கு ஒரே பொண்ணு. குழலி. முழுப்பேரு மட்டுவார்குழலி, மலைக்கோட்டை அம்மன் பேரு. பேங்க்ல வேலை. முப்பத்தோரு வயசு. வேலைக்குச் சேந்த புதுசுல ரெண்டு ஆமை வாங்கிட்டு வந்தா. காதுகிட்ட சிவப்புக் கோடு போட்டுருக்குமே, கடையில விக்கற ஜாதி. நம்ம ஊர்க் குளத்து ஆமைய வளத்தா சட்டப்படி தப்பு, இது பரவாயில்லையாம். இந்தத் தொட்டியே அதுங்களுக்கு நான் செஞ்சு குடுத்ததுதான். வரும்போது ஒவ்வொண்ணும் அஞ்சு ரூவாக் காசு அளவு. அப்புறம் ஒவ்வொண்ணும் காபி டபரா அளவு, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அளவு. பேரு என்ன வெச்சா தெரியுமா? மேனேஜர், கேஷியர். ஏன்னா ஒண்ணு எப்பவும் இன்னொண்ணு முதுகு மேல ஏறி உக்காந்திருக்கும்.

நான் அன்னிக்கே சொன்னேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்மான்னேன். அதுக்கு அவ, "அப்பா, ஜப்திக்கு அமீனாவ அனுப்பறதே எங்க பேங்க்தான்ப்பா"ங்கறா. என் வீட்டுக்காரி விசாலம் கொல்லுனு சிரிக்கறா. ரெண்டு பொம்பளைங்க சேந்து சிரிச்சா நான் என்ன பண்றது? விட்டுட்டேன். நான் எதையும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கற ஆள் கிடையாது.

அப்புறம் வரன் பாக்க ஆரம்பிச்சோம். முதல்ல வந்தது கரூர்ப் பார்ட்டி. பையனோட அம்மா, பெரியம்மா, அத்தை, ஒரு வேன் நிறைய ஜனம். பையனோட அம்மா இந்தா இதே இடத்துலதான் உக்காந்திருந்தாங்க. கேசரி சாப்பிட்டாங்க, பஜ்ஜி சாப்பிட்டாங்க, காபி பாதி குடிச்சாங்க. குடிக்கும்போது தொட்டியப் பாத்தாங்க. மேனேஜர் தலைய நீட்டி அவங்களப் பாத்துச்சு. காபிய வெச்சுட்டாங்க. ஜாதகத்த இன்னொரு தரம் பாத்துட்டுச் சொல்றோம்னாங்க. படியிறங்கும்போது அந்தப் பெரியம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. "நடு வீட்ல ஆமைய வெச்சுருக்கான் பாரு."

எனக்கு எப்படி இருக்கும் சார்? பொண்ணு லட்சணமா இருக்கா, சம்பாதிக்கறா, குறை ஒண்ணும் இல்ல. ரெண்டு ஆமை குறுக்க நிக்குது. குடுத்துரும்மான்னேன். மாட்டேன்னுட்டா. "நான் எங்க போறேனோ அதுங்களும் அங்க வரும்ப்பா"ங்கறா. சரி, கட்டிட்டுப் போகும்போது கொண்டு போ, வர்றவங்க கண்ணுல மட்டும் படாம இருக்கட்டும்னு நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு ஆமை ரெண்டும் மொட்டை மாடியில அண்டாவுல. மேல பழைய சல்லடைக் கதவு. முடிஞ்சது.

ஆனா தொட்டி காலியா நிக்குதே? காலித் தொட்டியப் பாத்தா எதுக்குன்னு கேப்பான். அங்கதான் இந்தக் கழுதை வந்து சேந்துச்சு. தங்க மீன்னா லட்சுமி சார். யாரு குறை சொல்லுவா? கடைக்காரன்கிட்ட, ஆமைத் தொட்டியில விடலாமான்னு கேட்டேன். "ரெண்டு நாளைக்கு மேல தாங்காது சார், முழுங்கிரும்"னான். எனக்கு அது இன்னும் சவுகரியம். காலையில வாங்கறது, சாயந்திரம் வர்றவங்களுக்குக் காட்டறது, ராத்திரி ஆமைங்க வந்து கணக்க முடிச்சுரும். அடுத்த வரன் வந்தா அடுத்த மீன்.

முழுங்கல சார். அதான் என் தலையெழுத்து. வால மட்டும் கடிச்சு வெச்சுச்சுங்க. அந்தக் கிழிஞ்ச வாலோட அது மூலையில ஒண்டிக்கிட்டு நின்னுச்சு. குழலி ராத்திரியோட ராத்திரியா ஒரு பேசின்ல உப்புத் தண்ணி கலந்து தனியா விட்டா. பத்து நாள்ல வால் துளுத்துருச்சு. அடுத்த வரனுக்கு அதையேதான் விட்டோம். ரெண்டே முக்கால் இன்ச். அதுக்கு அடுத்தவன் வந்தப்ப மூணரை. அப்புறம் நானே நடுவுல ஒரு தடுப்புக் கண்ணாடி வெச்சு, இந்தப் பக்கம் மீன், அந்தப் பக்கம் ஆமைன்னு பிரிச்சேன். மேனேஜர் கேஷியர் முதுகுல ஏறித் தடுப்பத் தாண்டிரும். அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?

தீனி நான்தான் போட்டேன். ஏன் போட்டேன்னா, பெரிசா இருந்தா ஆமை வாய்க்குள்ள போகாது பாருங்க. அதுக்காகத்தான். பாசமெல்லாம் ஒண்ணும் கிடையாது. காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், சாயந்திரம் டீ குடிக்கும்போது கொஞ்சம். அவிச்ச பட்டாணியத் தோல் உரிச்சுப் போட்டா நல்லதுன்னு யாரோ சொன்னாங்க, தினம் ஒரு பிடி உரிச்சேன். விசாலம் சொல்லுவா, "எனக்கு ஒரு நாள் ஒரு பூண்டு உரிச்சுக் குடுத்துருப்பீங்களா"ன்னு. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

இப்படியே ஒரு வருஷம். ஆடியிலயும் மார்கழியிலயும் பொண்ணு பாக்க மாட்டாங்க, அந்த ரெண்டு மாசம்தான் எங்களுக்கு ஓய்வு. மத்தபடி ஒருத்தன் வருவான்னு தகவல் வந்தா போதும், குழலி பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டு, பூவ வெச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் ரெண்டு ஆமையத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுவா. அதுங்க காலை உதறி உதறிப் புடவையில அழுக்குத் தண்ணியத் தெளிக்கும். நான் கீழ நின்னு, சீக்கிரம்மா, சீக்கிரம்மான்னு கத்துவேன். ஒரு தரம் படியில நின்னு திரும்பிப் பாத்தா. "அப்பா, கல்யாணம் ஆகி அங்க போனதும் அதுங்க மாடியிலயேதான் இருக்கணுமா?"ன்னா. அத அப்பப் பாத்துக்கலாம், முதல்ல நீ ஏறுன்னேன். நியாயமாத்தான சொன்னேன்?

ஒருத்தனும் படியல. ஒருத்தன் உயரம் பத்தாதுன்னான், ஒருத்தன் வேலைய விடச் சொன்னான். ரெண்டு பேர இவளே வேண்டாம்னுட்டா. எனக்கென்னமோ மாடியில இருந்தாலும் அதுங்க வாடை கீழ அடிக்குதுன்னுதான் சந்தேகம். மீன் மட்டும் வளந்துட்டே வருது. மூணரை, நாலே கால், அஞ்சு, ஆறு. ஒரு புரோக்கர் ரெண்டாவது தரம் வேற ஒரு வரனக் கூட்டிட்டு வந்தவரு, "போன தரம் வேற மீன் இருந்துச்சோ?"ன்னு கேட்டாரு. அதே மீன்தான்னா, எத்தனை மாசமா இந்த வீட்டுக்கு ஆளுங்க வந்து வந்து போறாங்கன்னு மனசுல கணக்குப் போட மாட்டாரா? வேற மீன்தான்னுட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க சார்.

கடைசியா போன ஆவணியில ஒருத்தர் வந்தாரு. மணிவாசகம்னு பேரு. கோயமுத்தூர்ல விவசாயிங்க கொண்டாந்து குடுக்கற மண்ண டெஸ்ட் பண்ணிச் சொல்ற வேலை. அப்பா இல்ல, தாய்மாமாதான் முன்ன நின்னு பேசினாரு. அமைதியான பையன். நல்லா இருந்தான், அத நான் மறுக்கல. மீன் அன்னிக்கு ஏழரை இன்ச்.

எல்லாரும் பொண்ணப் பாக்க வருவாங்க. இவன் தொட்டியப் பாக்கறான் சார். குனிஞ்சு பாக்கறான், நிமிந்து பாக்கறான், பக்கவாட்டுல போய்ப் பாக்கறான். அப்புறம் மெதுவா, "சார், மீனுக்கு எதுக்குப் பாறை?"ன்னான்.

அந்தப் பாறை, அந்தா தெரியுது பாருங்க, தண்ணிக்கு மேல திட்டு மாதிரி. ஆமை ஏறிக் காய்றதுக்கு நான் வெச்சது. சிலிக்கான் போட்டு ஒட்டினேன், யாராலயும் அசைக்க முடியாது. என் கைவேலை அப்படி. அதனால ஆமைய எடுத்தாலும் பாறைய எடுக்க முடியாது. அழகுக்குங்கன்னேன். "இந்த மஞ்ச லைட்டு?"ன்னான். வெளிச்சத்துக்குன்னேன். "வால்ல கடிச்ச தழும்பு இருக்கே?" பஜ்ஜி எடுத்துக்குங்கன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "ஆமை வளக்கறீங்களா சார்?"னு கேட்டான்.

குழலி அப்பத்தான் காபித் தட்டோட வந்து நிக்கறா. தாய்மாமா என்னையப் பாக்கறாரு. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? "ஆமையா? எங்க வம்சத்துலயே கிடையாது. தாயுமானசாமி மேல சத்தியமா இந்த வீட்டுல ஆமை இல்லை"ன்னேன். என் பேரே தாயுமானசுந்தரம். அந்த சாமி பேரத்தான் எனக்கு வெச்சுருக்கு. சொன்ன வாய் மூடல, மாடியில அண்டா கவுந்துச்சு. டமார்னு ஒரு சத்தம். எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க. பூனைன்னேன்.

குழலி தட்டக் கீழ வெச்சா. மாடிக்குப் போனா. இறங்கி வரும்போது ரெண்டு கையிலயும் ரெண்டு ஆமை. அத்தனை பேரு முன்னாடியும் நடந்து வந்து, தடுப்பு எடுத்து வெச்சிருந்த தொட்டியில விட்டா. மேனேஜர் நேராப் போய் மீன் வாலப் பிடிச்சுச்சு. அந்தப் பையன் சட்டுனு சட்டைக் கைய மடக்கிட்டுத் தண்ணியில கைய விட்டு ஆமையப் பிரிச்சு எடுத்தான். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சுங்க, எனக்கு ரொம்பப் பிடிக்கும்"னு குழலிகிட்ட சொல்றான். அவ அப்பத்தான் அவன் முகத்தையே பாத்தா.

ஆனா தாய்மாமா எந்திரிச்சுட்டாரு. "ஆமை இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க, அது ஒரு விஷயமே இல்ல. சாமி பேர்ல கூசாம சத்தியம் பண்றீங்களே. நாளைக்கு வேற எதயெல்லாம் மாடியில ஒளிச்சு வெச்சிருப்பீங்களோ"ன்னு சொல்லிட்டுப் பையனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. பாத்தீங்களா, எவ்வளவு நாசூக்கு? ஆமை பிடிக்கலைன்னு நேரா சொல்ல மாட்டாங்க. சத்தியம், கித்தியம்னு ஒரு சாக்கு.

அன்னிக்குக் குழலி அழுதிருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்துருக்கும். அழல. புடவைய மாத்திட்டு வந்து, மீனப் பேசின்ல விட்டு உப்பு கலக்கிக்கிட்டே சொன்னா. "எட்டு தரம் தூக்கிட்டுப் போய் ஒளிச்சேன்ப்பா. இனிமே எதையும் ஒளிக்க மாட்டேன்." அவ்வளவுதான். கத்தல, கித்தல.

அப்புறம் ஐப்பசியில கோயமுத்தூருக்கு மாத்தல். பேங்க்ல தூக்கிப் போட்டுட்டாங்க. விசாலம் ஒரு நாள் வாய் தவறி, அவளே எழுதிக் கேட்டு வாங்கினதுன்னா. திருச்சியில சொந்த வீட்ட வெச்சுக்கிட்டு யாராவது மாத்தல் கேட்டு வாங்குவாங்களா சார்? இவளுக்கு ஒண்ணும் புரியாது. ஆமை ரெண்டையும் கொண்டு போயிட்டா. நான் கேட்டேன், மீனையும் கொண்டு போம்மான்னு. "அது உங்க மீன்ப்பா. நீங்க வாங்கினது"ன்னா. புது வீட்டுல குடி வெச்சுக் குடுத்துட்டு ஒரு மாசத்துல வர்றேன்னு விசாலமும் கூடப் போனா. இது நாலாவது மாசம்.

நான் இங்க தனியா பட்டாணி உரிச்சுக்கிட்டு இருக்கேன். ஆமை போன வீடு உருப்பட்டுருக்கணும்ல? எங்க உருப்பட்டுச்சு? பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல, இது ஒண்ணு வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருக்கு. அதனாலதான் மீன் கடைக்காரன் கதவுல எழுதி ஒட்டச் சொன்னேன், தங்க மீன் இலவசம்னு. நீங்க பாத்துட்டுக் கூப்பிட்டீங்க.

மணி என்ன? ஆறே காலா?

போன் யார்கிட்ட இருந்துன்னா, குழலிதான். விசாலம் தினம் பேசுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வாசக்கதவு பூட்டினீங்களா, இதான் பேச்சு. எப்ப வர்றன்னா, "இந்த மணிவாசகம் தம்பி ஞாயித்துக்கிழமை ஆமையப் பாக்க வருது, அதுக்கு ஒரு வாய் சோறு போடணும்ல"ங்கறா. அதே பையன்தான் சார், மண்ணு டெஸ்ட்டு. வாரா வாரம் ஆமையப் பாக்க வர்றானாம். கேஷியருக்குக் கீரை கொண்டாந்து குடுக்கறானாம். படிச்ச பையன், உள்ளூர்ல உறவு சனம் இருக்கு, லீவு நாள்ல ஆமையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னா அவனுக்கு என்ன கிறுக்கோ?

குழலி தினம் பேச மாட்டா. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, பேங்க்ல இருந்து வந்ததும். மீன் எப்படிப்பா இருக்குன்னு கேப்பா. நான் அளவு சொல்லுவேன். வால் எப்படி இருக்குன்னு கேப்பா. சொல்லுவேன். சரிப்பான்னு வெச்சுருவா. நீ எப்படிம்மா இருக்கன்னு நான் கேக்கறதுக்குள்ள வெச்சுருவா. அப்பா எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. பெத்து வளத்தவன விட இது உசத்தியாப் போச்சு.

சரி, எந்திரிங்க, பிடிச்சுருவோம். அந்த வலைய எடுங்க. வாளிய இங்க கொண்டாங்க. தலைப்பக்கமா விடுங்க, வால்ல பட்டுறக் கூடாது, அது ரெண்டு தரம் கிழிஞ்சு ஒட்டின வால்.

போன வாரம்தான் அவ வழக்கத்துக்கு மாறா உடனே வெக்கல. "அப்பா, மீனப் பாக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு. அடுத்த மாசம் கூட்டிட்டு வரட்டுமா?"ன்னா. நான் சொன்னேன், அத எதுக்குப் பாக்கணும், லால்குடி வாத்தியார் ஒருத்தருக்குக் குடுக்கப் போறேன், வேணும்னா அவர அங்க போய்ப் பாக்கச் சொல்லுன்னேன். அப்புறம் சரிப்பான்னு வெச்சுட்டா.

யாரு பாக்க வர்றேன்னான்னு நான் கேக்கவும் இல்ல. கோயமுத்தூர்ல இருந்து யாரு சார் வேலை மெனக்கெட்டு ஒரு மீனப் பாக்க வருவா? எட்டு பேருக்கு இதக் காட்டினேன், ஒருத்தன்தான் ஒழுங்காப் பாத்தான். அவனும்...

இருங்க சார்.

வலைய எடுங்க. வெளிய எடுங்கன்னு சொல்றேன்ல.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கீரை. விசாலம் நாலு மாசமா வரல. எனக்கு ஏன் சார் இது உறைக்கவே இல்ல? முப்பத்தாறு வருஷம் அளந்தே பழகினவன் நான், கால் இன்ச் தப்பினா கண்டுபிடிச்சுருவேன்.

தப்பா நெனைக்காதீங்க. மீன் தர முடியாது. பஸ் காசு நான் தந்துடறேன். அந்த மணிவாசகம் அடுத்த மாசம் வந்து இந்த வாசல்ல நிப்பான். மீன் எங்க சார்னு கேப்பான். இருந்துச்சுப்பா, குடுத்துட்டேன்னா நம்புவானா? சாமி மேல சத்தியம் பண்ணி இல்லைன்னு சொன்ன வாய் சார் இது. இருந்துச்சுன்னு சொன்னா மட்டும் யாரு நம்புவா? எம் பொண்ணுதான் நம்புவாளா?

மணி ஆறரை ஆயிருச்சா? உக்காராதீங்க, வாங்க, ஒரு கை பிடிங்க. வாளி கொண்டாந்தது வீண் போக வேண்டாம். குழாய்த் தண்ணி ஆகாது, பின்னால டிரம்முல பிடிச்சு வெச்சது இருக்கு, அதுல ரெண்டு வாளி மொண்டுட்டு வாங்க. நான் இதுல பாதிய வடிக்கறேன். ஏழு மணிக்கு அவ கூப்பிட்டு என்னப்பா பண்றீங்கன்னு ஒருவேளை கேட்டாள்னா, மீனுக்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருக்கேம்மான்னு சொல்லணும். அது ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்.